பில்பெர்ரிச் செடியும் நம் கண்களும்

நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டோரின் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று பில்பெர்ரியைப் பற்றியது. கண்ணுக்கு உகந்தது என்று குளிகையாக விற்கப்படும் அந்தப் பழத்தை நம் வீட்டுத் தோட்டத்திலேயே வளர்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்கிறார்கள். குளிகையின் விலை இதற்கு ஒரு காரணம். தம் கையால் வளர்த்ததைத் தம் தாய்க்கோ தந்தைக்கோ கொடுக்க வேண்டும் என்ற பாசம் மற்றொரு காரணம். இரண்டும் மதிக்கத்தக்கவை. ஆகவே ஒரு சொல்லில் மறுத்து அனுப்பிவிடாமல், அந்தச் செடி எத்தகையது, எங்கே வளர்வது, அதன் பழம் கண்ணுக்கு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை விளக்க விரும்புகிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பில்பெர்ரி நல்ல பழம். ஆனால் அது நம் சமவெளித் தோட்டத்துக்குரிய செடியன்று; நீரிழிவால் நலிந்த கண்ணுக்குரிய மருந்தும் அன்று. தோட்டம் போடும் ஆர்வத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆர்வம் கண் பரிசோதனையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

வடதிசைக் காட்டின் செடி

பில்பெர்ரியின் தாவரவியற்பெயர் வாக்சினியம் மிர்ட்டிலஸ். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலும், நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் ஊசியிலைக் காடுகளிலும், ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளிலும் இது தானாக வளர்கிறது. பெரும்பாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத குறுஞ்செடி. தண்டு பச்சையாகவும் விளிம்புகளோடு கோணலாகவும் இருக்கும். சிறு குடுவையைக் கவிழ்த்தாற்போன்ற இளஞ்சிவப்புப் பூக்கள் பூத்து, கோடையின் நடுவிலும் முடிவிலும் கனியாகும். குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு, பனிப்போர்வைக்குக் கீழே உறங்கும்.

கடைகளில் புளூபெர்ரி என்ற பெயரில் கிடைப்பது இதன் உறவுச் செடியின் பழம், இதுவன்று. இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. புளூபெர்ரியை நறுக்கினால் உள்ளே வெளிறிய பச்சை நிறம் தெரியும். அது கொத்தாகக் காய்க்கும். பில்பெர்ரியோ ஒன்றிரண்டாகக் காய்க்கும். அதன் சதையும் சாறும் கருஞ்சிவப்பாக இருக்கும். நாவற்பழம் தின்ற நாக்கு எப்படி நிறம் மாறுமோ, அப்படியே பில்பெர்ரி தின்ற நாக்கும் மாறும். அந்த நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் எனப்படும் இயற்கை நிறமி. பழத்தோலில் மட்டுமன்றிச் சதையிலும் அது நிறைந்திருப்பதால், பில்பெர்ரியில் அதன் அளவு புளூபெர்ரியைவிட மிகுதி.

அந்நாட்டு மக்கள் இதைப் பெரும்பாலும் தோட்டத்தில் வளர்ப்பதில்லை என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. நார்வேயிலும் சுவீடனிலும் பின்லாந்திலும், காடு யாருக்குச் சொந்தமானதாயினும், அதில் நடந்து சென்று காட்டுப் பழங்களைப் பறித்துக்கொள்ளும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. கோடையில் குடும்பம் குடும்பமாகச் சென்று, சீப்புப் போன்ற பற்களுடைய கைக்கருவியால் பழங்களை வாரி எடுப்பார்கள்; ஜாமாகவும் சூப்பாகவும் செய்து உண்பார்கள். அந்நாடுகளில் வாழும் உறவினர் வழியாகவும் இப்பழத்தின் பெயர் தமிழ் வீடுகளுக்கு வந்து சேர்கிறது.

தோட்டத்தில் வளர்ப்பது ஏன் கடினம்?

செடியின் வேரும் அது கேட்கும் மண்ணும் இக்கேள்விக்கு விடை தருகின்றன. பில்பெர்ரியின் வேர்கள் நூலினும் மெல்லியவை; மற்றச் செடிகளுக்கு இருப்பதுபோன்ற வேர்த்தூவிகள் அவற்றுக்கு இல்லை. வேருக்குள் வாழும் ஒருவகைப் பூஞ்சையே மட்கிய இலைதழையிலிருந்து சத்தைப் பிரித்துச் செடிக்கு ஊட்டுகிறது. இந்தக் கூட்டுவாழ்வுக்கு அமிலத்தன்மை மிக்க மண் வேண்டும். மண்ணின் அமில காரத் தன்மையைப் பி.எச். என்ற குறியீட்டால் அளக்கிறோம். 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பில்பெர்ரி விரும்புவது ஏறத்தாழ 4 முதல் 5 வரை.

இந்த உண்மை உலகுக்குத் தெளிவானது நூறாண்டுகளுக்கு முன்புதான். புளூபெர்ரியைத் தோட்டப் பயிராக்க முயன்றவர்கள், நல்ல வளமான மண்ணில் நட்டுச் சுண்ணாம்பும் எருவும் இட்டார்கள், செடிகள் பட்டுப்போயின. அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவரவியலாளர் பிரெடரிக் கோவில், இச்செடிகளுக்கு அமில மண்ணே தேவை என்பதைத் தம் சோதனைகளால் நிறுவி 1910இல் வெளியிட்டார். அதைப் படித்த எலிசபெத் ஒயிட் என்ற அம்மையார் அவரோடு சேர்ந்து நியூஜெர்சியில் பணியாற்றினார். பண்படுத்தப்பட்ட புளூபெர்ரியின் முதல் விளைச்சல் 1916இல் சந்தைக்கு வந்தது. புளூபெர்ரி இவ்வாறு தோட்டத்துக்கு இறங்கி வந்தது; பில்பெர்ரியோ பெரும்பாலும் காட்டிலேயே தங்கிவிட்டது. அதன் வளர்ச்சி மெதுவானது, பழம் சிறியது, விளைச்சல் குறைவு, பறிப்பதும் கடினம்.

இங்கிலாந்தில் ஆர்வத்தின் பொருட்டு இதை வளர்ப்பவர்கள், அமிலத் தன்மையுள்ள மட்கு நிரப்பிய தொட்டியில் நடுகிறார்கள். குழாய் நீரில் சுண்ணாம்பு இருக்குமென்று மழைநீரைச் சேமித்து ஊற்றுகிறார்கள். பைன் மரச் சருகால் மூடாக்கு இடுகிறார்கள். பறவைகள் கொத்தாமல் வலை கட்டுகிறார்கள். செடியின் தாயகத்துக்கு அருகிலேயே இவ்வளவு பாடு.

நம் ஊர் மண்ணில்

நம் சமவெளியின் நிலையை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கோயம்புத்தூர்ப் பகுதியின் கரிசல் நிலத்தில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, பி.எச். 8ஐத் தொடும் நிலங்கள் பல. பி.எச். குறியீட்டில் ஓர் எண் மாறினால் அமிலத்தன்மை பத்து மடங்கு மாறுகிறது என்று பொருள். 8இலிருந்து 5க்கு வருவதென்றால் ஆயிரம் மடங்கு மாற்றம். கந்தகத் தூள் கலந்து மண்ணின் பி.எச். அளவைச் சிறிது காலம் குறைக்கலாம். ஆனால் நாள்தோறும் ஊற்றும் ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் அந்த மாற்றத்தை மெல்ல மெல்ல அழித்துவிடும். அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் அதை எடுத்துக்கொள்ள இயலாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை முழுதும் மஞ்சளாகி, செடி நலியும்.

மண்ணை மாற்றிவிட்டாலும் வானிலையை மாற்ற இயலாது. நெடிய குளிர்கால உறக்கத்துக்குப் பழகிய செடி இது. சென்னையிலோ மதுரையிலோ மார்கழி விடியலிலும் வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. உறங்க இடமில்லாத செடி ஒழுங்காகப் பூப்பதில்லை. ஆகவே பில்பெர்ரி என்ற பெயரில் விற்கப்படும் விதைப் பொட்டலத்தையோ கன்றையோ, கண்ணுக்கு நல்லது என்ற எண்ணத்தால் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. மேலும் ஓர் எச்சரிக்கை: பெயர் உறுதியாகத் தெரியாத செடியின் கருநீலப் பழத்தை எவரும் உண்ணலாகாது. உண்ணிச்செடியின் பழமும் கருமையானதே. நிறத்தைக் கொண்டு பழத்தின் பாதுகாப்பை அறிய முடியாது.

மலைப்பகுதியில் வாழும் அன்பர்களின் நிலை சற்று வேறு. தேயிலை விளையும் மண் அமில மண், குளிரும் உண்டு. நீலகிரியிலும் பழனி மலையிலும் உள்ள சோலைக்காடுகளில், பில்பெர்ரியின் பேரினத்தைச் சேர்ந்த வாக்சினியம் லெசெனால்ட்டி என்ற சிறுமரம் இயற்கையாகவே வளர்கிறது. அதன் பழமும் உண்ணத் தக்கது. ஆனால் சோலைக்காடு மீண்டும் உருவாக்க அரிய செல்வம்; அங்குள்ள கனிகள் பறவைகளின் உணவு. அவற்றைப் பறித்துவரச் செல்ல வேண்டாம். ஆர்வமுள்ள மலைவாழ் அன்பர்கள், குறைந்த குளிரே போதுமான புளூபெர்ரி வகையொன்றை வீட்டுத் தொட்டியில் நட்டுப் பார்க்கலாம். மருந்தாகக் கருதாமல் பழமாகக் கருதியே நடவேண்டும்.

கண்ணுக்கு நல்லது என்ற புகழ்

இந்தப் புகழுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானிகள் பில்பெர்ரி ஜாம் தின்றதால் இருளிலும் தெளிவாகப் பார்த்துக் குண்டு வீசினார்கள் என்பது அக்கதை. அதை மெய்ப்பிக்கும் போர்க்கால ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆயினும் குளிகை விளம்பரங்களில் அது திரும்பத் திரும்ப வருகிறது.

ஆய்வுகளைப் பார்ப்போம். பீட்டர் கான்டர், எட்சார்டு எர்ன்ஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள், அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி மதிப்பிட்டு 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மங்கிய ஒளியில் பார்க்கும் திறனைப் பற்றிய ஆய்வுகளுள் கட்டுப்பாடு மிக்கவற்றில், பில்பெர்ரிச் சாறு உட்கொண்டவர்களுக்கும் வெற்றுக் குளிகை உட்கொண்டவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அவ்வாய்வுகளில் பங்கேற்றவர்களும் நலமான கண்ணுடையவர்களே. நோயுற்ற கண்ணுக்குப் பயன் தரும் என்று சொல்லப் போதிய தரமான ஆய்வுகள் இல்லை என்றும் அக்கட்டுரை கூறியது. ஆந்தோசயனின் சோதனைக்கூடத்தில் பல நன்மைகளைக் காட்டுவது உண்மை. சோதனைக் குழாயில் காணும் நன்மை, விழித்திரையில் கசியும் இரத்தக்குழாயை அடைக்கும் என்பதற்கு உறுதியன்று.

குளிகையில் இருப்பது பில்பெர்ரிதானா என்பதும் ஒரு கேள்வி. பில்பெர்ரிச் சாறு என்று விற்கப்பட்ட பொருளில், அதே நிறம் தோன்றுமாறு அமரந்த் என்ற செயற்கைச் சாயம் கலக்கப்பட்டிருந்ததை 2006இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அடர்த்தியாக்கப்பட்ட சாற்றை உட்கொள்வோரில், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் நீரிழிவு மருந்து எடுப்பவர்களும் தம் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாது. பழத்தைப் பழமாக அளவோடு உண்பதற்கு இந்த அச்சம் தேவையில்லை.

பார்வையைக் காப்பவை எவை?

நீரிழிவில் இரத்தத்தின் சர்க்கரை நீண்டகாலம் மிகுந்திருந்தால், விழித்திரையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பழுதடைகின்றன. சில கசிந்து, கூர்மையான பார்வைக்குரிய நடுப்பகுதியை வீங்கச் செய்கின்றன. சில அடைபட்டு, அவற்றுக்கு மாற்றாக வலுவற்ற புதுக்குழாய்கள் முளைக்கின்றன. அவை உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் பரவும். விழித்திரை பிரியவும் கூடும். இவற்றின் தொடக்கத்தில் வலியில்லை. பெரும்பாலும் பார்வைக் குறைவும் இல்லை. நோயாளிக்கே தெரியும் நாளில் நோய் முற்றியிருப்பது வழக்கம்.

இதைத் தடுக்கும் வழிகளுக்கு உறுதியான சான்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 பேரிடம் நடத்தப்பட்டு 1993இல் வெளியான பேராய்வில், முதல்வகை நீரிழிவு உடையோர் சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியபோது, விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. பிரிட்டனில் இரண்டாம் வகை நீரிழிவு உடையோரிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், இரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் முற்றுவது 34 விழுக்காடு குறைந்தது. விழித்திரையின் நடுப்பகுதி வீக்கத்துக்கு உரிய காலத்தில் லேசர் செய்தால் பார்வையிழப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது 1985இலேயே நிறுவப்பட்டது. இன்று கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்துகளும் உள்ளன.

ஆகவே இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்தவுடனேயே விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தொடர வேண்டும். முதல்வகை நீரிழிவு உடையோர் நோய் தெரிந்த ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்க வேண்டும். முன்பே நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள் கண்ணைக் காட்ட வேண்டும். பரிசோதனைக்காகக் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடுவோம்; சில மணிநேரம் பார்வை மங்கலாக இருக்கும். அன்று இருசக்கர வண்டி ஓட்டாமல், வீட்டார் ஒருவரைத் துணைக்கு அழைத்து வருக.

எங்கள் கவலை இதுதான். குளிகை பலன் தருகிறதா என்று பார்த்துக்கொண்டு ஆறு மாதம் கழியும்; செடி காய்க்கட்டும் என்று மேலும் ஓராண்டு கழியும். லேசரும் ஊசியும் நன்கு பயன்படக்கூடிய காலம் அதற்குள் கடந்துவிடலாம். இழந்த பார்வையை மீட்பதைவிட இருக்கும் பார்வையைக் காப்பது எங்களுக்கு எளிது; நோயாளிக்கும் எளிது.

அப்படியானால் எதை நடலாம்?

கருநீலப் பழமே வேண்டுமெனில், மல்பெரி என்று நாம் அழைக்கும் முசுக்கட்டை இருக்கிறது. முற்றிய தண்டுத் துண்டை நட்டாலே வேர்விடும். பெரிய தொட்டியிலும் வளரும். கிளையை வெட்டிவிட்டால் புதுத்தளிரோடு பூத்துக் காய்க்கும். இடம் உள்ளவர்கள் வேலியோரம் களா நடலாம். அதன் முள்ளை மட்டும் மறந்துவிடக் கூடாது. நாவல் பெருமரம், சிறிய மனைக்கு ஏற்றதன்று, கிராமத்து நிலத்துக்கு ஏற்றது. இவை எல்லாவற்றிலும் ஆந்தோசயனின் உண்டு. ஆனால் பில்பெர்ரிக்குச் சொன்னதே இவற்றுக்கும் பொருந்தும்: இவை உணவு; விழித்திரை நோய்க்கு மருந்தல்ல. நாவற்கொட்டைப் பொடியை நம்பி நீரிழிவு மாத்திரையை நிறுத்துவதும் தவறு. பழங்களிலும் சர்க்கரை உண்டு. எவ்வளவு உண்ணலாம் என்பதை உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்க. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

இருளில் பார்வை மங்கும் மாலைக்கண் நோய்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு ஐயமற்றது. மங்கிய ஒளியைக் காண விழித்திரைக்குத் தேவையான நிறமியை உடல் வைட்டமின் ஏ கொண்டே ஆக்குகிறது. அதன் மூலப்பொருள் முருங்கைக்கீரையிலும் அகத்திக்கீரையிலும் பப்பாளியிலும் மிகுதியாக உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு முருங்கை நிற்பது பொருளுள்ள செயல். எனினும் மாலையில் பார்வை மங்குவதாக எவர் சொன்னாலும் கீரையோடு நிறுத்திவிடாமல் பரிசோதனைக்கு அழைத்து வரவேண்டும்; அதற்கு வேறு காரணங்களும் உள்ளன.

தோட்டத்தில் கண்ணைக் காத்தல்

தோட்டம் நோயாளிக்கு நல்லது. குனிந்து நிமிர்வதும் நடப்பதும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும். தட்டில் கீரையும் காயும் கூடும். ஆனால் தோட்டத்திலிருந்தே கண்ணுக்கு வரும் ஆபத்து ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை ஒரு முதன்மையான காரணம். இலை நுனியோ முள்ளோ சுள்ளியோ கண்ணில் கீறும்போது அந்தப் பூஞ்சை உள்ளே நுழைகிறது. கிளை வெட்டும்போதும் வேலி திருத்தும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி அணிக. கீறல் பட்டால் சுத்தமான நீரால் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் காட்டுக. தாய்ப்பாலோ இலைச்சாறோ விளக்கெண்ணெயோ விடலாகாது. கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைப் புண் மேலும் முற்றும்.

நீரிழிவு உள்ளவர்கள் தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் குத்துவது தெரியாது. கண் அறுவை முடிந்தவர்கள், மருத்துவர் சொல்லும் நாள்வரை மண்ணையும் எருவையும் தொடாதிருப்பது நல்லது.

அடுத்தமுறை எங்கள் பிரிவுக்கு வரும்போது, வீட்டில் உட்கொள்ளும் குளிகைகள், பொடிகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வருக. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, எவை தேவை, எவை வேண்டாதவை என்று சொல்வோம். அதற்காக எவரையும் கடிந்துகொள்ள மாட்டோம். உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ள ஒருவர் கடந்த ஓராண்டில் விழித்திரையைக் காட்டவில்லை என்றால், நாற்றங்காலுக்குப் போகும் முன்பு அவரை இங்கே அழைத்து வாருங்கள்.